நான்காவது வயிறு

பாலிலிருந்து வருவதெல்லாம் சைவம் என்று தமிழ்நாட்டில் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருமனதாக நம்பிவருகிறார்கள். வேறெந்த விஷயத்திலும் நமக்குள் இப்படியோர் ஒற்றுமை வாய்த்ததில்லை. அதைக் குலைப்பவர் தக்க காரணமின்றிக் குலைக்கக்கூடாது. காரணம் இருக்கிறது. தயிர் சைவம். மோர் சைவம். வெண்ணெய், நெய், பால்கோவா மூன்றும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட சைவம். ஆனால் இத்தாலியில் பர்மிஜானோ என்ற பெயரில், ஆட்டுரல் பருமனுக்கு வார்த்து, வருடக்கணக்கில் மரப்பலகையில் உறங்கவைத்து விற்கிற பாலாடைக்கட்டி சைவம் அல்ல. பாலைத் திரட்டுவதற்காக அதில் ஊற்றப்படும் சாறு, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றையும் ருசித்தறியாத கன்றுக்குட்டியின் நான்காவது வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. கன்று உயிரோடு இருக்கையில் எடுக்க முடியாதது. போலோன்யா நகரத்தில் ஒரு தாழ்வாரத்து உணவுக்கடையில், வெள்ளைத்துணி விரித்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பத்துக்கு இது தெரியும். திருநெல்வேலியில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள் அவள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அதே பாலாடைக்கட்டியின் துருவலை மூன்றாவது கரண்டியாகத் தன் தட்டில் தூவிக்கொண்டிருந்த நாத்தனார் சண்முகவடிவுக்குத் தெரியாது. முட்டை சேர்ந்த கேக்கைக்கூடப் பிறந்ததிலிருந்து தொட்டறியாதவள் சண்முகவடிவு.

"ஏட்டி புஷ்பம், அந்தக் கிண்ணத்த இங்கிட்டு நகத்து," என்றாள் சண்முகவடிவு. கிண்ணம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எட்டுகிற பொருளை எடுத்துத் தரச் சொல்வதில் ஓர் உரிமை இருக்கிறது, அந்த உரிமைதான் புஷ்பத்தைப் படுத்தியது. இந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் பரிசாரகனை நிற்கவைத்து, பாஸ்தாவில் முட்டை உண்டா, மாவு பிசையும்போது முட்டை சேர்ப்பார்களா, தக்காளிச் சாறில் எலும்பு கொதித்த தண்ணீர் விடுவார்களா என்று நாலு விதமாக விசாரித்தவள் புஷ்பம்தான். அடுத்த மேசைக்கு வந்த பூரி போன்ற பண்டத்தைப் பார்த்துச் சண்முகவடிவு, "நம்ம பூரியில்லா அது! ரெண்டு சொல்லேன்" என்றபோது, அது பன்றிக் கொழுப்பில் பொரிப்பதாயிருக்கும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, "வேண்டாம் மதினி, எண்ணெய் நல்ல எண்ணெய் மாதிரித் தெரியல" என்று தடுத்தவளும் அவள்தான். பூரியைத் தடுத்தவள் துருவலை ஏன் தடுக்கவில்லை? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு சேலை முந்தானை ஆணியில் மாட்டிக்கொண்டதுபோல நின்றது. பூரி இன்னும் வாய்க்குள் போகவில்லை, துருவல் ஏற்கெனவே போய்விட்டது, அதனாலா? அப்படியென்றால் வாய்க்குள் போகிற வரைக்கும்தான் உண்மைக்கு மதிப்பா? மிலானில் வந்து இறங்கிய முதல் நாளே, ஓட்டல் சிற்றுண்டி மேசையில், மஞ்சளாக மினுங்கிய ஒரு துண்டைச் சண்முகவடிவு எடுத்தபோது சொல்லியிருக்கலாம். அப்போது புஷ்பம் காப்பி இயந்திரத்தின் எந்தப் பொத்தானை அமுக்கினால் பால் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது சண்முகவடிவு கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள். நொறுநொறுவென்று, உப்பாக, கொஞ்சம் வேர்க்கடலை வாசனையோடு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு இனிப்பு. "இன்னும் ரெண்டு துண்டு எடு" என்றாள். புஷ்பம் எடுத்துக் கொடுத்தாள்.

இன்னும் ரெண்டு துண்டு எடு. அந்த நாலு வார்த்தையை அவள் மனசு அன்றிலிருந்து உருட்டிக்கொண்டே இருக்கிறது. தூத்துக்குடியில் மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்து, கூட வேலைபார்த்த ஆவுடையப்பனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, திருநெல்வேலி டவுனில் அந்தச் சைவ வீட்டுக்குள் கால்வைத்த நாளிலிருந்து, அவள் கையால் எத்தனை குழம்பு, எத்தனை கூட்டு, எத்தனை சொதி. ஆவுடையப்பனின் அக்கா சண்முகவடிவு புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். சாப்பிட உட்காருவாள், புஷ்பம் கரண்டியை எடுப்பதற்குள் "போதும்" என்பாள். குறை சொன்னதில்லை. குறை சொன்னால்கூடப் பதிலுக்கு ஒன்று சொல்லலாம். "போதும்" என்பதற்கு என்ன பதில்? ஒரு தடவைகூட, ஒரு தீபாவளிக்குக்கூட, இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை. மீன் நறுக்கிய கை என்ற நினைப்பு அந்த வார்த்தைக்குள் இருந்ததா, இல்லை அவள் சுபாவமே அளவுச் சாப்பாடுதானா, புஷ்பத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை. முழங்கால் வலி என்று ஆவுடையப்பன் பயணத்துக்கு வர மறுத்து, "நான் படத்துல பாத்துக்கிடுதேன், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்று சிரித்தபோது அவருக்கு என்ன ஆசை இருந்ததோ. அவர் எதிர்பார்த்தது சண்டையாக இருந்தால் ஏமாந்துபோயிருப்பார். இங்கே வந்ததிலிருந்து சண்முகவடிவு கேட்டுக்கேட்டு வாங்கித் தின்கிறாள். தட்டை நீட்டுகிறாள். நிறையத் தின்றதால் கன்னம் லேசாக மினுங்குகிறது. ஸ்வெட்டருக்கு மேலே திருநீறும், கண்டாங்கிச் சேலைக்குக் கீழே வெள்ளை ஓட்டக்காலணியுமாக, இத்தாலியப் பேரப்பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறவள்போல உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். நேற்று சொல்ல வேண்டிய கட்டாயமே வந்தது. அவர்கள் வந்திருப்பது சுத்த சைவச் சுற்றுலா. சமையல்காரர் ஒருவர் கூடவே பஸ்ஸில் வருகிறார், வாகனம் நிறுத்துமிடங்களில் அடுப்பைப் பற்றவைத்து எலுமிச்சைச் சாதம் கிண்டுகிறார், தாளிக்கிற வாசனைக்கு வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுத்த சைவச் சுற்றுலாதான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்கூடத்தில் இறக்கிவிட்டது. யாருக்கும் அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை, பால்தானே. செம்பு அண்டாக்கள் தரையில் பாதி புதைந்தாற்போல வரிசையாக இருந்தன. ஆவி பறந்தது. வெள்ளை அங்கி போட்ட ஆள் ஒருவர் அண்டாவுக்குள் நீளக் கம்பித் துடைப்பம் ஒன்றை விட்டுக் கலக்க, திரண்ட பால் அரிசிக் குருணையாக உடைந்து அடியில் இறங்கியது. கோயில் மடைப்பள்ளிபோல இருக்கிறது என்று சண்முகவடிவு தலைப்பைப் போர்த்திக்கொண்டாள். வழிகாட்டிப் பெண் விரலை மடக்கிக் காட்டினாள், பால், உப்பு, ரென்னெட், மூன்றே பொருள், வேறொன்றும் கிடையாது. "ரென்னெட்டுன்னா என்னட்டி?" என்று சண்முகவடிவு புஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். எவ்வளவோ பேர் இருக்க அவளிடம் கேட்டாள், படித்தவள், சொல்லித்தருகிறவள் என்று. புஷ்பத்தின் வாய், புஷ்பத்தைக் கலந்துகொள்ளாமலே, "நம்ம உறைமோர் மாதிரி மதினி" என்றது. பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் இந்த விடையை எழுதியிருந்தால் அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு கிழித்துப் பூஜ்யம் போட்டிருப்பாள். உறைமோரில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர், பாலைப் புளிக்கவைக்கும். இது நொதி, கன்று குடித்த பால் வயிற்றைவிட்டு ஓடிவிடாமல் கட்டியாகி நிற்பதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு, பாடநூலில் ரெனின் என்று இருக்கும், ஜீரண மண்டலப் பாடம், வருடா வருடம் இரண்டு மதிப்பெண் கேள்வி. இந்தச் சாறு பாலைக் கட்டியாக்கும் என்று முதன்முதலில் எவன் கண்டுபிடித்திருப்பான்? கன்றின் வயிற்றுப் பையில் பாலை ஊற்றிக்கொண்டு வழிப்பயணம் போன ஒருவன் என்கிறார்கள். திறந்து பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? கெட்டுப்போனதை வாயில் போட்டுப் பார்க்க அவனுக்குத் துணிவு வந்ததே, பசியா, ஆர்வமா? பார், எங்கே போகிறது புத்தி. மாதிரி என்றுதானே சொன்னாள், அதேதான் என்று சொல்லவில்லையே. மாதிரி என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம்.

"சஷ்டிக்கு இதுல ஒரு பெரிய துண்டா வாங்கிட்டுப் போயிருவோம்," என்று சண்முகவடிவு சொன்னது இன்று, இந்தச் சாப்பாட்டு மேசையில்தான். தட்டில் ஒட்டியிருந்த கடைசித் துருவலை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். புஷ்பம் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "சஷ்டிக்கா?" "ஆறு நாளும் பாலும் பழமுந்தானே சாப்பிடுதேன். அஞ்சாம் நாளு கண்ணு இருட்டிக்கிட்டு வருது, வயசாவுதுல்லா. இதுல ரெண்டு துண்டு போட்டா வயிறு பசிக்காம அந்தாக்ல கெடக்கும். இதுவும் பாலுதானட்டி. மொத நாளு முருகனுக்கு வச்சுட்டு, பிறவு நான் எடுத்துக்கிடுதேன்." "அவனுக்குப் புதுசா இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள். தினமும் தேனும் தினைமாவும் கொடுத்து முருகனுக்கே அலுத்திருக்கும் என்பதுபோல ஒரு சிரிப்பு. கந்த சஷ்டிக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனால் போலோன்யாவை விட்டு நாளைக் காலை கிளம்ப வேண்டும், வாங்குவதென்றால் இன்றைக்குத்தான். சந்தைத் தெருவில் ஒரு கடையைக் காலையிலேயே பார்த்துவைத்திருக்கிறாள். மதியம் மூடிவிட்டுச் சாயங்காலம் திறக்குமாம். ஆகவே இது இனிமேல் நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வழியில் தெரியாமல் தின்றதை ஏதோ ஒரு பிரதோஷத்தில் கழுவிவிடலாம். தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டு, பூஜை அறையில் வேலுக்கு முன்னால் கன்றுக்குட்டியின் வயிற்றை வைக்க விடுவது என்பது வேறு. புஷ்பத்துக்குச் சாமி பயம் பெரிதாக இருந்ததில்லை. இருந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். குழுவில் மற்ற எல்லாரும் பந்தயக் கார்களின் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தார்கள். கேட்கவோ தடுக்கவோ யாரும் இல்லை. கடை திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்த மினுமினுப்பு போய்விடும். இனி எந்தத் தட்டையும் நீட்ட மாட்டாள். "போதும்" திரும்பிவந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியே வந்து நடந்தார்கள். இந்த ஊரில் நடைபாதை என்றாலே தாழ்வாரம்தான், வீடுகளின் மாடி தெருவை நோக்கி நீண்டு, தூண்களின் மேல் நிற்க, அதற்கு அடியில் ஊரே நடக்கிறது. முன்னொரு காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தபோது, தங்கவைக்க இடம் போதாமல் வீட்டுக்காரர்கள் மாடியை இப்படிக் காற்றில் இழுத்துக் கட்டினார்களாம். குதிரைமேல் உட்கார்ந்து வருகிறவன் தலை இடிக்காத உயரம் இருக்க வேண்டும் என்று சட்டம். "நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்த ஊர் பூரா இழுத்து விட்ட மாதிரி இருக்குல்லா," என்றாள் சண்முகவடிவு, "மழைக்கும் நனைய வேண்டாம், வெயிலுக்கும் காய வேண்டாம்." காவி, செங்கல், மாம்பழத் தோல், காய்ந்த மிளகாய் என்று சுவருக்குச் சுவர் நிறம் மாறிக்கொண்டே வந்தது. புஷ்பம் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு வாக்கியத்தைத் தயாரித்தாள். மதினி, ஒரு விஷயம். இல்லை, அந்த வீட்டில் ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் யாரோ செத்துப்போயிருப்பார்கள். செத்துத்தான் போயிருக்கிறது, ஒரு கன்று. மதினி, நேத்து நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். அப்போது, "ஏன் தப்பாச் சொன்னே?" என்று வரும், அதற்குத்தான் விடை இல்லை. மதினி, அறிவியல்படி பாத்தா. சே, வகுப்பறை. இரட்டைக் கோபுரத்தின் அடியில் வந்து நின்றார்கள். உலகத்தில் சாய்ந்த கோபுரம் ஒன்றுதான் என்று நினைத்துப் பீசா நகரத்தில் கையை நீட்டி முட்டுக்கொடுப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்த சண்முகவடிவு, இங்கே குட்டைக் கோபுரம் அதைவிட மோசமாகச் சாய்ந்து வேலிக்குள் நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "இதுவும் சாயுதே! இவனுவளுக்கு நேராக் கட்டவே வராதா?" "மண்ணு இறங்கிட்டு மதினி. ரொம்பச் சாயுதுன்னு அந்தக் காலத்துலேயே மேல் பாதிய இடிச்சிட்டாங்க. இப்ப மறுபடியும் பயந்துபோயி அடைச்சு வச்சிருக்காங்க." "அப்ப பக்கத்து வீட்டுக்காரன் எப்பிடித் தூங்குதான்?" நல்ல கேள்வி. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடமாக இதோ விழுந்துவிடும் இதோ விழுந்துவிடும் என்று தலைமாட்டில் ஒன்று நிற்க, அதன் அடியில் ரொட்டி சுட்டு, பிள்ளை பெற்று, துணி காயப்போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். பழகிப்போகும்போல. சொல்லாமலே இருந்துவிட்டாலும் இப்படித்தான் பழகிப்போகுமோ? வருடா வருடம் சஷ்டி வரும், வருடா வருடம் மேலே பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

சாப்பிடப் போவதற்கு முன்னால் ஊரின் பெரிய தேவாலயத்துக்குள் போயிருந்தார்கள். முகப்பில் பாதிக்குப் பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல், கட்டி முடிக்கவே இல்லை. உள்ளே மேல்தளத்தில் ஒரு துளை. அதன் வழியாக வெயில் ஒரு தட்டு அளவுக்குத் தரையில் விழுந்து, பதித்திருந்த பித்தளைக் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. உச்சி வேளையில் கோட்டைத் தொடுமாம். சண்முகவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தொட்டதும் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது மதம் சம்பந்தப்பட்டதல்ல மதினி, வானியல், என்று புஷ்பம் திருத்தப் போய், திருத்தவில்லை. எதையும் திருத்தாமல் இருப்பது அவளுக்கு மூச்சுத் திணறுகிற வேலை. பஸ்ஸில் யாராவது திமிங்கிலத்தை மீன் என்று சொன்னால்கூட அவளால் சன்னலோரம் வேடிக்கை பார்க்க முடிவதில்லை. அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் வயிற்றோடு வைத்துக்கொண்டு அலைகிறாள். ஒருவேளை அதில் ஒரு ருசியும் இருந்ததோ? ஆச்சாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் கண் முன்னால், தன் கையால், தெரியாமல். இந்த எண்ணத்தைப் புஷ்பம் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். இருந்தது. நிறைய இல்லை, ஒரு சிட்டிகை. அண்டா நிறையப் பாலுக்கு அந்தச் சாறும் சிட்டிகைதான் ஊற்றினார்கள்.

கோபுரத்திலிருந்து நடந்து வந்தால், ஊர் நடுவில் உள்ள சதுக்கத்தின் ஓரத்தில் பழைய அரண்மனை ஒன்றின் அடியில் நாலு தெருவும் கூடுகிற வளைவு மண்டபம். அங்கே எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேர் சுவரைப் பார்த்து, பள்ளியில் தண்டனை வாங்கிய பிள்ளைகள்போல நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் கிசுகிசுத்தால் கூரை வளைவில் ஏறி மறுமூலையில் இறங்குமாம், நடுவில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கேட்காதாம். தொற்றுநோய்க் காலத்தில் நோயாளிகள் தங்கள் பாவங்களைச் சொல்ல, கிட்டே நெருங்காமல் பாதிரிமார் கேட்டது இப்படித்தான் என்று ஒரு கதை. "நீ அந்த மூலைக்குப் போ, நான் இங்க நிக்கேன்," என்று சண்முகவடிவு புஷ்பத்தை விரட்டினாள். புஷ்பம் போனாள். நெற்றி கல்லில் படும்படி நின்றாள். கல் குளிர்ந்து கிடந்தது, எத்தனையோ பேர் மூச்சுப் பட்டு ஈரம்பாரித்த ஒரு மணம். "ஏட்டி, கேக்கா?" என்றது கல், காதுக்குள்ளேயே, சண்முகவடிவின் குரலில். அவ்வளவு நெருக்கத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. மயிர்க்கூச்செறிந்தது. ஒலி எப்படி வளைவோடு ஒட்டிக்கொண்டே வருகிறது? "கேக்குது மதினி." "எனக்கும் கேக்கு! ஏதாச்சும் சொல்லு." ஏதாச்சும் சொல்லு. முகத்தைப் பார்க்க வேண்டாம். கல்லிடம் சொன்னால் போதும், கல் சொல்லிவிடும். புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு அடித்துக்கொள்வதுகூட அந்தப் பக்கம் கேட்குமோ என்று இருந்தது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மதினி, கோபப்படக்கூடாது. நீங்க சாப்பிடுத சீஸுல ஊத்துதது உறைமோர் இல்ல. கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்குதது. கொன்னுதான் எடுக்காங்க. எனக்கு மொதல்லேயே தெரியும். சஷ்டிக்கு அது வேண்டாம்." பிறகு மிக அருகில், இளம் பெண் குரல் ஒன்று, "க்ராத்ஸியே!" என்று இத்தாலியில் நன்றி சொல்லிச் சிரித்தது.

திரும்பிப் பார்த்தாள். எதிர் மூலையில் தலையில் பச்சை இலை வளையம் சூடிய ஒரு பெண் நின்று இவளைப் பார்த்துக் கையசைத்தாள். அன்றைக்குத்தான் பட்டம் வாங்கியவள்போல. சுற்றி நண்பர்கள் பாட்டுப் பாடி அவளைக் கேலிசெய்துகொண்டிருந்தார்கள். சண்முகவடிவு நாலடி தள்ளி, கையில் யாரோ கொடுத்த மிட்டாயோடு நின்றிருந்தாள். "பாவம், இலை மாலையெல்லாம் போட்டுக்கிட்டு வந்து நின்னா. கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துது, சரி மொதல்ல நீ பேசிக்கோன்னு விட்டுட்டேன். நீ என்ன சொன்னே அவகிட்ட? விழுந்து விழுந்து சிரிச்சா." "ஒண்ணுமில்ல மதினி. வாழ்த்துச் சொன்னேன்." போலோன்யாவின் இளம் பட்டதாரிக்குத் தமிழில் முழு வாக்குமூலமும் கொடுத்தாகிவிட்டது. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று நடந்திருந்தது. இந்த நாலு நாளில் முதல் தடவையாக அந்த வாக்கியங்கள் வாயைவிட்டு வெளியே வந்து, காற்றில் நின்று, கோபுரம் எதுவும் விழாமல் இருந்தது.

கடை திறந்திருந்தது. குறுகலான தெருவில் வாசலெல்லாம் கத்தரிக்காயும் அத்திப்பழமும் காளானும் கூடைகூடையாக. உள்ளே முழு வட்டங்களாகப் பாலாடைக்கட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் தொந்திமேல் வெள்ளைத் துணி கட்டிய பெரிய மனிதர். சண்முகவடிவு விரலால் சுட்டிக்காட்டியதும் ஒரு குட்டையான கத்தியைச் செருகி நெம்பி, பாறையை உடைப்பதுபோல ஒரு சில்லை உடைத்து, கத்தி முனையில் நீட்டினார். சண்முகவடிவு காலணியிலிருந்து குதிகாலை லேசாக வெளியே எடுத்துக்கொண்டாள், அவளுக்கே தெரியாமல். இடது கையை அடியில் கொடுத்து, வலது கையைக் குழித்து, தீர்த்தம் வாங்குவதுபோல நீட்டினாள். சில்லு உள்ளங்கையில் விழுந்தது. கை வாயை நோக்கி உயர்ந்தது.

"மதினி, அதைத் தின்னாதீங்க."

கை நின்றது. புஷ்பம் சொன்னாள். நாலே வாக்கியம், கல்லிடம் சொன்னது போலத்தான், கோபப்படக்கூடாது என்பதையும் தனக்கு முதலிலேயே தெரியும் என்பதையும் மட்டும் விட்டுவிட்டாள். கடைக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சண்முகவடிவு உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"எந்த வயிறு?"

"என்ன மதினி?"

"மாட்டுக்கு நாலு வயிறு உண்டும்பியே, பிள்ளையளுக்கு டியூஷன் எடுக்கும்போது. எந்த வயிறு?"

நாலு அறைகள் உள்ள ஒரே வயிறு என்பதுதான் சரி. புஷ்பம் அதைத் திருத்தவில்லை. "நாலாவது."

"நம்ம பிள்ளையளுக்கும் வயித்துல பால் இப்பிடித்தான் கட்டியாவுமா?"

"ஆவும். வேற நொதி."

"பச்சப் பிள்ள கக்கினா தயிரு மாதிரி இருக்குமே."

"அதேதான்."

சண்முகவடிவு சில்லை முகர்ந்து பார்த்தாள். வாசலில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போயிற்று. "மொத நாளே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"பிறவு ஏன் உறைமோருன்னே?"

தூணுக்குத் தூண் தயாரித்த எதுவும் வரவில்லை. "நீங்க இன்னும் ரெண்டு துண்டு எடுன்னு சொன்னிய," என்றாள் புஷ்பம். "எங்கிட்ட நீங்க எதையும் ரெண்டாந்தடவ கேட்டதில்ல."

சண்முகவடிவு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, வேறெதுவுமா என்று பிடிபடவில்லை. ஒரு கணக்கு எங்கே இடித்தது என்று பார்க்கிற முகமாக இருந்தது. "ஒன் சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தி," என்றாள். "எனக்கு நெஞ்சக் கரிக்கும். எப்பிடிச் சொல்ல? தூத்துக்குடிக்காரி, வேற என்னத்தையாவது நெனச்சுக்கிடுவே."

"கைய நீட்டு." சண்முகவடிவு சில்லை அவள் கையில் போட்டாள். "நீ தின்னு. நீ தின்னுத ஆளுதானே."

புஷ்பம் தின்றாள். கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு மதினி."

"தெரியும்," என்றாள் சண்முகவடிவு. தலைப்பால் உள்ளங்கையை அழுத்தித் துடைத்தாள். பிறகு அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, மலைக்காட்டில் எடுத்த தேன் ஒரு பாட்டில் கேட்டாள். அது எந்தப் பூ, எந்த மலை, பாட்டிலுக்குள் தேனைத் தவிர வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று புஷ்பத்தை வைத்து ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லி, கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து இல்லை என்ற பிறகுதான் வாங்கினாள். தெருவில் இறங்கியதும், "கன்னு ஆணா பொண்ணா?" என்றாள். ஓட்டல் வந்துசேரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

திரும்பி வரும் விமானத்தில் சைவம் என்று சீட்டு ஒட்டிய தட்டுகள் வந்தன. ஓரத்தில், வெள்ளித்தாளில் முக்கோணமாகச் சுற்றிய ஒரு துண்டு சீஸ் இருந்தது. சண்முகவடிவு அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பொத்தானை அமுக்கிப் பணிப்பெண்ணை வரவழைத்து, புஷ்பத்திடம் கற்றுவைத்திருந்த ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக, "எந்த வயிறு?" என்று கேட்டாள். பணிப்பெண் இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டு, விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லித் திரைக்குப் பின்னால் போனாள். முன் இருக்கையில் இருந்தவர் தலையைத் திருப்பிப் புஷ்பத்திடம் என்ன விஷயம் என்று கேட்டார். புஷ்பம் சொன்னாள். அவர் பாதி கடித்த துண்டை வெள்ளித்தாளில் திரும்பச் சுற்றி, காலியான தண்ணீர்க் குவளைக்குள் வைத்தார்.